வளத்தி இல்லை என்று பையனை வெளியே உட்கார வைக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் டாக்டராக இருப்பவர்களுக்கு டீம் செலக்‌ஷன் நேரம் நன்றாகத் தெரியும். "டாக்டர், பய நல்லா ஆடுதான், வளத்தி இல்லன்னு எடுக்க மாட்டேங்காவ, ஊசி ஏதும் இருக்கா?" என்று மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் வருவார்கள். பையனுக்குப் பதிமூன்று, பதினாலு வயது இருக்கும். பலரிடம் ஒரு சத்துப் பவுடர் டப்பாவும் இருக்கும், அதற்குக் கொடுத்த காசில் ஒரு மாதம் முட்டை வாங்கியிருக்கலாம்.

கால்பந்து ஆடும் பையன் என்றால் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி வார்டியைத் தெரியுமா என்று கேட்பேன். பதினாறு வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் அவரை உடம்பு போதாது என்று அனுப்பிவிட்டது. அப்புறம் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் வாரம் முப்பது பவுண்டுக்கு ஆடினார், அது போதாமல் கை கால் ஊனமானவர்களுக்கான உபகரணம் செய்யும் தொழிற்சாலையில் வேலையும் பார்த்தார். ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2012இல் லெஸ்டர் சிட்டி அவரை வாங்கியபோது வயது இருபத்தைந்து. 2015-16இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கை லெஸ்டர் வென்ற சீசனில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்தார், 2019-20இல் 23 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்க பூட் வாங்கும்போது முப்பத்து மூன்று. ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசேயும் இப்படித்தான், தச்சு வேலை பழகிக்கொண்டு கீழ்மட்ட லீக்கில் ஆடியவர், உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்து முடித்தார்.

எல்லாப் பையனும் வார்டி ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கழற்றிவிட்ட பிறகும் ஆட அவருக்கு ஒரு கிளப் இருந்தது. நம்ம ஊரில் ஸ்கூல் டீமில் பெயர் இல்லையென்றால் பையன் அன்றோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான், சாயங்காலம் டியூஷன் வேறு சேர்த்துவிடுகிறார்கள்.

பையன்கள் வேகமாக வளர்வது சராசரியாகப் பதிமூன்றரை, பதினாலு வயதில். சிலருக்குப் பதினொன்றில் தொடங்கிவிடும், சிலருக்குப் பதினைந்து தாண்டும். அதனால் ஒரே பதினாலு வயது டீமில் நிற்கிற இரண்டு பேருக்கு எலும்பின் வயதில், அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதில், மூன்று நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். மோதிப் பந்தைப் பறிக்கிறவன் திறமைசாலியாகத் தெரிவான், பாதி நேரம் அது முந்தி வந்த உடம்புதான்.

இடது மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது ஓரளவு தெரிந்துவிடும். பதினாலு வயதுப் பையனுக்கு எலும்பு பன்னிரண்டு காட்டினால் வளர இன்னும் இடம் இருக்கிறது. அப்பாவுக்கு மீசை லேட்டாக முளைத்ததா, அம்மா லேட்டாக வயதுக்கு வந்தாரா என்றும் கேட்பேன், ஏனென்றால் இது குடும்பத்தில் ஓடுவது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி அந்த ஹார்மோன் குறைபாடு போல சில காரணங்கள் பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும்தான். ஜிம்மில் யாரோ தருகிற ஸ்டீராய்டு மாத்திரை எலும்பு நீளும் இடமான வளரும் தட்டை முன்னமே மூடிவிடும், உள்ள வளத்தியும் போய்விடும்.

எல்லாக் குள்ளமும் லேட் வளர்ச்சி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வருடத்துக்கு நான்கு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை, பதினாலு முடிந்தும் பருவ மாற்றம் எதுவும் தொடங்கவில்லை, எடை இறங்குகிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, தலைவலி, எப்போதும் சோர்வு என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள். வரும்போது ஸ்கூலில் எடுத்த பழைய உயரக் கணக்கு கிடைத்தால் கொண்டுவாருங்கள், இன்றைய ஒரு அளவைவிட மூன்று வருடத்து அளவுகள்தான் எங்களுக்கு உதவும்.

வளர்ச்சி வேகமெடுக்கும்போது முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது ஓடிக் குதித்து ஆடும் பையன்களிடம் சகஜம். வலி இருக்கும் நாளில் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வீங்கிப்போய் நொண்ட ஆரம்பித்தால் மட்டும் கிரவுண்டுக்கு அனுப்பாமல் கூட்டி வாருங்கள்.