வண்டியை உயர்த்திய பிறகு சத்தமா? ஷாக்கை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் என் பட்டறைக்கு ஒரு 2006 மாருதி வேகன் ஆர் கார் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவருடையது. தோப்புக்குப் போகும் தடத்தில் நடுமேடு தட்டித் தட்டி சைலன்சர் இரண்டு முறை உடைந்துபோக, யாரோ சொன்னார்கள் என்று ஓரிடத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஒரு இஞ்ச் உயர்த்தியிருக்கிறார். மேடு தட்டுவது நின்றது, மூன்றாம் நாளே சத்தம் ஆரம்பித்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்னால் 'டங்', மெதுவாகப் போனால் அடியில் 'கிரீச்', மேடு பள்ளத்தில் பின்னால் 'டொக் டொக்'. உயர்த்திய இடத்தில் கேட்டதற்கு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் முன் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டும், முன் சக்கரத்தைக் கீழே பாடியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. "இனி மாத்தறதுக்கு என்னங்க தம்பி பாக்கி இருக்குது?" என்று கேட்டார்.

மாற்றிய சாமான் எல்லாம் நல்ல சாமான். மாட்டிய விதம் தப்பு. இதே மாதிரி வண்டிகள் அடிக்கடி வருவதால்தான் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, எதை வைத்து உயர்த்தியிருக்கிறார்கள் என்பதை. முன் ஸ்ட்ரட் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண், அதன் தலையைப் பாடியில் பிடிப்பது மவுண்ட். ஸ்ட்ரட்டின் தலைக்கு மேலே, பாடிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைத்திருந்தால் ஷாக் பழைய நிலையிலேயேதான் நிற்கும், ஸ்பிரிங்கும் பழைய சுமையைத்தான் தாங்கும். ஆனால் சக்கரம் தொங்கும்போது முன்னைவிட ஒரு இஞ்ச் கீழே இறங்கும். அந்தக் கூடுதல் கோணம் முழுவதும் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), ஆக்சில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு), பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) தலையில் விழும். ஸ்பேசரை ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் வைத்தாலோ, ஸ்பிரிங் சுற்றுக்குள் ரப்பர் பஃபர் செருகினாலோ நடப்பதே வேறு. ஷாக்கின் ராடு எப்போதும் வெளியே நீண்டபடியே நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நீளுவதற்கு இடம் போதாமல், ராடு கடைசிவரை வந்து உள்ளே இடிக்கும்.

பெரியவர் வண்டியில் இருந்தது பஃபர். அந்த 'டங்' சத்தம் இதுதான். புது ஷாக்கும் அதே நீளம்தானே, அதுவும் அப்படித்தான் இடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது சத்தம் வருகிறதா, தாண்டி இறங்கி வண்டி மேலே எழும்பும்போது வருகிறதா என்று கவனியுங்கள். எழும்பும்போது மட்டும் வந்தால் முதல் சந்தேகம் ராடு இடிப்பதாக இருக்கட்டும்.

சரி, இப்போது புஷ்ஷுக்கு வருகிறேன், நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். லோயர் ஆர்ம் புஷ் என்பது வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது உள்ளே பேரிங் மாதிரி எதுவும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும், எந்த நிலையில் இறுக்கினோமோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும். ஆர்ம் நீளம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 8 செ.மீ. தொங்கினால் அது 15 டிகிரிக்கும் மேல். அந்த முறுக்கத்தோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் ரப்பர் இன்னும் முறுகுகிறது, கிரீச்சிடுகிறது, சில மாதங்களில் கிழிகிறது.

வண்டியை உயர்த்தும்போதும் இதேதான். ஒரு இஞ்ச் உயர்த்தினால் ஆர்ம் நிற்கும் கோணமே சுமார் 5 டிகிரி மாறுகிறது. ஆனால் கம்பெனியில் பழைய உயரத்துக்கு இறுக்கிய போல்ட்டை யாரும் தொடுவதில்லை. பதினைந்து வருடம் வெயிலும் தண்ணீரும் பார்த்துக் காய்ந்துபோன ரப்பர், அந்த 5 டிகிரியைக்கூடத் தாங்காது. வண்டி நன்றாகத்தான் இருந்தது, உயர்த்திய பிறகுதான் கெட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். முன்பே பாதி கிழிந்திருந்த ரப்பர் அன்றைக்கு மீதியும் கிழிந்தது என்பதே பல வண்டிகளில் நான் பார்த்தது.

முறையாக இறுக்குவது எப்படி? போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். இறக்கியவுடன் சக்கரம் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும், வண்டி உண்மையான உயரத்துக்கு வந்திருக்காது. அதனால் முன்னும் பின்னும் நாலடி மெதுவாகக் கையால் உருட்டி, பானட்டை நான்கைந்து முறை அமுக்கி விடுங்கள். அப்புறம் பிட்டில் (வண்டிக்கு அடியில் ஆள் நின்று வேலை பார்க்கும் குழி) நிறுத்தி, சக்கரங்கள் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். பிட் இல்லையென்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியை லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் பக்கம் கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பப் பார்க்கும் வரை உயர்த்தினால் ஏறக்குறைய அதே நிலை கிடைக்கும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்ட்ரட்டின் தலை நட்டையும், ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸ்ஸரால் அமுக்காமல் யாரும் கழற்றக் கூடாது. அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும்.

கிரீச் சத்தம் எந்த புஷ்ஷிலிருந்து என்று தெரியாவிட்டால், ஒருவர் வண்டியை ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். ஆனால் சத்தம் போகட்டும் என்று கழிவு ஆயில், டீசல் அடிப்பதை தயவுசெய்து விடுங்கள். ரப்பர் ஊறிப் பஞ்சாகிவிடும், பத்து நாள் அமைதிக்கு ஒரு புஷ்ஷே போய்விடும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் விடுபடும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் தலையில் இருக்கும் பேரிங், இல்லையென்றால் ஸ்பிரிங் நுனி சீட்டில் சரியாக உட்காரவில்லை.

இரண்டு சத்தங்களை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. முழு வளைவில் திரும்பும்போது 'டிக் டிக் டிக்' என்று வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே போயிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இன்னொன்று பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், வீல் பேரிங்கா பால் ஜாயின்ட்டா என்று அடியில் பார்த்து உறுதி செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும்.

பின்பக்க 'டொக் டொக்' பெரும்பாலும் லேட்டரல் ராடு புஷ். பழைய வேகன் ஆரில் பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது இந்தக் கம்பிதான். ஒரு முனை பாடியில், மறுமுனை ஆக்சிலில். வண்டியை உயர்த்தினால் கம்பி சாய்ந்து ஆக்சிலையே கொஞ்சம் ஒரு பக்கமாக இழுக்கும், புஷ்ஷும் கோணலாகும். சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைத்த பிரேக் வால்வு ஒன்று இருக்கும். பாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பாரம் இருக்கிறதா என்று பார்த்து பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். உயர்த்திய வண்டியில் ஆள் ஏறினாலும் அது காலி வண்டி என்றே நினைக்கும், பின் பிரேக் குறையும். இதற்குச் சத்தமே வராது, அதனால்தான் பயமாக இருக்கிறது.

உண்மையில் எல்லா வண்டிக்கும் உயர்த்துவது தேவையா? சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 1988 விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டியிருந்தால் நல்ல ஸ்பிரிங் உள்ள சின்னக் கார்கூட அடி தட்டாமல் தாண்டும். நம் தெருக்களில் இருப்பது அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள், பழைய வண்டிகளில் ஸ்பிரிங்கே தொய்ந்து வண்டி இறங்கியிருக்கும்.

பெரியவர் வண்டியும் அப்படித்தான். பஃபர்களையெல்லாம் எடுத்துவிட்டு நான்கு புது கம்பெனி ஸ்பிரிங் போட்டோம். அவர் உயர்த்தி வைத்திருந்ததைவிட அரை இஞ்ச்தான் குறைவாக வந்தது. சைலன்சர் முன்பகுதிக்கு ஒரு தகடு அடித்துக் கொடுத்தோம். புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிட்டில் நிறுத்தி மறுபடி இறுக்கி, சக்கர அலைன்மென்ட் பார்த்தோம். அவர் ஏற்கனவே மாற்றிய ஷாக், புஷ் எதையும் திரும்ப மாற்றவில்லை. முன்பக்கச் சத்தம் அன்றைக்கே போனது, பின்னால் இருந்த 'டொக்' மட்டும் லேட்டரல் ராடு புஷ் கிடைக்காமல் ஒரு வாரம் இழுத்தது. 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.