'டேபிள்' செய்தார்கள் என்றால் என்ன செய்தார்கள்?

"மசோதா அவையில் அட்டவணைப்படுத்தப்பட்டது." இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? மசோதாவை யாரும் கட்டம் போட்டு நிரப்பவில்லை. ஆங்கில மூலத்தில் 'டேபிள்' என்று வினைச்சொல் இருந்திருக்கும். அகராதியில் கைக்கு அகப்பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

பலகையைக் குறிக்கும் லத்தீன் 'டாபுலா'தான் மூலம். எழுதிய பலகை அட்டவணையானது, சாப்பிட உட்கார்ந்த பலகை மேசையானது. ஓர் ஆவணத்தை அவையின் மேசைமேல் வைப்பது என்பதிலிருந்து வினைப்பொருள் வந்தது. அவ்வளவுதான்.

அட்டவணைப்படுத்துவதில் ஆபத்தும் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பில் அட்டவணை என்றால் வேறு பொருள். ஒரு சட்டம் 'அட்டவணையில்' சேர்ந்தது என்றால், சட்டம் தெரிந்தவருக்கு, நீதிமன்றம் ரத்துசெய்வதிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்பு தருவதற்காக உருவான ஒன்பதாவது அட்டவணைதான் நினைவுக்கு வரும். இன்னும் சட்டமே ஆகாத மசோதாவுக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் குழம்ப மாட்டாரா?

இதற்குத் தாக்கல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. வேட்புமனு தாக்கல், பட்ஜெட் தாக்கல் என்று எல்லோருக்கும் புரிகிறது. அது அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல், ஆகவே கூடாது என்பவர்கள் 'மேசையில் வைத்தனர்' என்று எழுதுகிறார்கள். மேசை மட்டும் என்னவாம்? போர்த்துக்கீசிய 'மேசா'! ஒரு விருந்தாளியை வெளியேற்றிவிட்டு இன்னொருவருக்கு இலை போடுவதில் என்ன தூய்மை? தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'அவை முன் வைத்தனர்' என்று எழுதலாம். இலங்கைத் தமிழர் சொல்லும் 'சபாபீடம்' வடமொழிதான் என்றாலும், அது எந்த மேசை என்பதையாவது தெளிவாகச் சொல்கிறது.

இதெல்லாம் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு. அமெரிக்காவில் 'டேபிள்' என்றால் நேர் எதிர்: பேச்சை எடுக்காமல் ஒதுக்கிவைப்பது. இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் சண்டை போட்டதைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது ஒன்றேதான் என்பது பிறகுதான் புரிந்ததாம்.

அமெரிக்கப் பொருளுக்குக் 'கிடப்பில் போடுதல்' அச்சாகப் பொருந்தும். ஆனால் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் அதுவும் போதாது. அங்கே அது தீர்மானத்தின் கதையை முடிப்பது. 2019 ஜூலையில் டிரம்ப்புக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தை 'டேபிள்' செய்ய 332 பேர் ஆதரவாகவும் 95 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். இதைத் 'தாக்கல் செய்ய 332 பேர் ஆதரவு' என்று மொழிபெயர்த்தால், டிரம்ப்பைக் காப்பாற்றிய வாக்கெடுப்பு அவரைக் கவிழ்க்கக் கிளம்பிய வாக்கெடுப்பாக மாறிவிடும். 'விவாதமின்றி நிராகரித்தனர்' என்றுதான் எழுத வேண்டும். அதில் டேபிளும் இல்லை, மேசையும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.