மல்யுத்த பொம்மை ஏன் பிசுபிசுக்கிறது?

பல வருடம் பரணில் கிடந்த ஜான் சீனா பொம்மையைக் கையில் எடுத்தால் தோள்பட்டை விரலில் ஒட்டும். துடைத்தால் போகும், சில மாதத்தில் மறுபடி ஒட்டும். அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் புருவம், டாட்டூ என்று பெயிண்ட்தான் முதலில் போகும். உண்மையில் அது வெளியிலிருந்து படிந்த அழுக்கே இல்லை, பொம்மைக்குள்ளிருந்து கசிந்து வந்தது.

தலை, கை போன்ற மிருதுவான பாகங்கள் பெரும்பாலும் பி.வி.சி. அது தன்னளவில் விறைப்பான பொருள். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பி.வி.சி.தான். மிருதுவாக்குவதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கலக்கிறார்கள். அது மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நகர விடுகிறது, ஆனால் எந்தச் சங்கிலியோடும் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. கட்டிப்போடாத திரவம் மெல்ல மெல்ல மேல்பரப்புக்கு வந்து சேர்கிறது. சூடு ஏற ஏற வேகமும் கூடும். மே மாதத்தில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கும் பரணைவிட மோசமான இடம் பொம்மைக்குக் கிடையாது. தாலேட் வகை பிளாஸ்டிசைசர்கள் சிலவற்றை அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டுக் குழந்தைகள் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. பதிலுக்கு வந்தவையும் பிணைப்பில்லாத திரவங்களே. அதனால் மேட்டல் நிறுவனம் 2010 முதல் வெளியிட்ட மல்யுத்த பொம்மைகளிலும் இதே கவனம் வேண்டும்.

கழுவும் முறை எளிது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கு சொட்டு, மிருதுவான டூத்பிரஷ், பிறகு நல்ல தண்ணீர். ஒற்றித் துடைத்து ஃபேன் காற்றில் உலர விட வேண்டும். பவுடர் பூசினால் எண்ணெயோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக இடுக்குகளில் இறுகும். ஸ்பிரிட் பெயிண்டைத் தூக்கும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். கழுவிய பொம்மையைத் தெர்மகோல் மீது வைக்கக் கூடாது. கசியும் பிளாஸ்டிசைசர் தெர்மகோலை இளக்கிவிடும், பொம்மை அதில் பதிந்து ஒட்டிக்கொள்ளும்.

சூட்டை நமக்கு வேலை செய்ய வைக்கவும் முடியும். தலை மாற்ற வேண்டுமா? கொதித்த தண்ணீரை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பொம்மையைத் தலைகீழாகக் கழுத்து வரை ஒரு நிமிடம் அமிழ்த்த வேண்டும். பி.வி.சி. இளகியதும் துணியால் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் தலை கழன்று வரும். சூடாக்காமல் இழுத்தால் உள்ளே இருக்கும் கடினமான கழுத்து முளை முறியும், அதை ஒட்டிச் சரிசெய்வது பெரும்பாடு. வளைந்த கணுக்காலுக்கும் இதே வைத்தியம்தான்: சூட்டில் நிமிர்த்தி, பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் முக்கினால் அந்த வடிவத்தில் நிற்கும்.

தளர்ந்த மூட்டுக்கு ஃபெவிக்விக் போடும் வழக்கம் உண்டு. நல்ல வழிதான், ஆனால் நம் ஊர்க் காற்றை மனதில் வைத்துச் செய்ய வேண்டும். அந்தப் பசையின் சயனோஅக்ரிலேட் உலர்ந்து இறுகுவதில்லை, ஈரம் பட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகிறது. ஐப்பசி மழையில் கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ, கடலை ஒட்டிய காற்றில் அது நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். பல்குத்தும் குச்சி முனையில் எடுத்த அளவு போதும். மூட்டு முளையில் தடவிய நொடியிலிருந்து இரண்டு மூன்று நிமிடம் மூட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பசையின் ஆவியும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகப் படியும். அண்டர்டேக்கரின் கறுப்பு பூட்ஸில் அது பளிச்சென்று தெரியும். முன்பு தொட்டிருந்தால் விரல் ரேகைகூட வரி வரியாக வெளுத்து எழும். தடயவியலில் ரேகை எடுக்கப் பயன்படும் முறையே இதுதான். ஃபேன் ஓடட்டும், ஆவி தங்காது.

அடுத்தது உப்பு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள் அலமாரித் தூசியோடு படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் இங்கே அந்த அளவு சர்வசாதாரணம். அந்த உப்புநீர் ஸ்க்ரூக்களைத் துருவாக்குகிறது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1990 முதல் 1994 வரை வெளியிட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) பொம்மைகளை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அடி, பிடி காட்டுவதற்காக அவற்றில் பலவற்றுக்குள் ஸ்பிரிங் உண்டு. அவற்றைத் தண்ணீரில் முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளைத் திறந்த அலமாரியில் வைத்துப் பயனில்லை. ரப்பர் விளிம்பு உள்ள, இறுக மூடும் பெட்டி வேண்டும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 10 லிட்டர் பெட்டியின் காற்றில் இருப்பது 0.3 கிராம்கூட இல்லை. அசல் ஈரம் அட்டையில் இருக்கிறது. பிரிக்காத பாக்கெட்டின் அட்டை வளைவதும் அதனால்தான்: அச்சிட்ட பக்கம் பூச்சினால் அடைபட்டிருக்க, பின்பக்க இழைகள் மட்டும் நீர் குடித்து விரிகின்றன. எனவே 50 கிராம் ஜெல் போட்டு முதல் வாரமே நிறம் மாறினால் பெட்டி ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். ஜெல்லை 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். இரண்டாம் முறையும் ஒரே வாரத்தில் மாறினால் ரப்பர் விளிம்பைச் சோதியுங்கள்.