மிளகுக் கொடியில் ஏறுவதெல்லாம் கறுப்பெலி அல்ல

மிளகுச் சரத்தை எலி கடித்திருந்தால், பல மலைத் தோட்டங்களில் உடனே எலி கேக் என்னும் விஷக்கட்டியை வாங்கி மரத்துக்கு மரம் கட்டிவிடுகிறார்கள். கடித்தது கறுப்பெலியாகவும் இருக்கலாம், மலபார் முள் எலி என்னும் மரவாழ் கொறிவிலங்காகவும் இருக்கலாம். கட்டும் முன் ஓர் இரவு டார்ச் அடித்து, எலியின் வாலைப் பாருங்கள்.

கறுப்பெலியின் வால் உடலைவிட நீளம். மொட்டையாக, வளையம் வளையமாகச் செதில் தெரியும். மலபார் முள் எலிக்கு உடல் சுமார் 13 செ.மீ., வால் சுமார் 9 செ.மீ.தான். அடிவாலில் மயிர் குறைவு. போகப்போக அடர்ந்து, நுனி வெள்ளைக் குஞ்சமாக முடியும். செம்பழுப்பு முதுகில், மென்மயிருக்கு நடுவே தட்டையான முட்கள் படிந்திருக்கும். புதர்க்காட்டில் பந்தாகச் சுருண்டுகொள்ளும் முள்ளெலி வேறு; அது கொறிவிலங்கே அல்ல.

1859-இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் விவரித்த மலபார் முள் எலி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். நெருங்கிய உறவுகள் சீனாவிலும் வியட்நாமிலும் இருக்கின்றன. பழம், விதை, மிளகு தின்னும். கள்ளுப் பானையையும் விடாது. தரையில் வைத்த பொறியில் அகப்படுவது அபூர்வம். ஆகவே, பொறியில் விழவில்லை என்பதற்காக உங்கள் தோட்டத்தில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பகலெல்லாம் மரப்பொந்தில், இலையும் பாசியும் பரப்பிய கூட்டில் தூங்கும். பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நாட்டு நிழல் மரங்களை வெட்டிச் சில்வர் ஓக் நட்டால் மிளகு படரும், சரி. இதற்கு வீடு இருக்காது. பட்ட மரமானாலும் பொந்து இருந்தால், ஆள் நடமாடும் பாதையில் சாயாதவரை நிற்க விடுங்கள். கவாத்து செய்யும்போது மரத்துக்கு மரம் ஓரிரு கிளையாவது தொட்டுக்கொண்டிருக்கட்டும். தரையிறங்காமல் போய்வர அதுதான் வழி.

எலி கேக்கில் உள்ள புரோமடையலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் மரநாய்க்கும் விஷம் ஏறும். கேக் வைத்தே தீர வேண்டுமென்றால் கிடங்குக்குள், மூடிய பெட்டியில், தரையில் மட்டும் வையுங்கள். மரத்தில் ஒருபோதும் வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் அன்றன்றே ஆழப் புதையுங்கள்.