ஒரு வாரப் பன்றிக்கறிச் சமையல்: எந்தத் துண்டு எந்த நாளுக்கு, ஏன்?

வாரச் சமையலுக்குப் பட்டியல் போடும்போது பலரும் பதார்த்தத்தின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள்: திங்கள் வறுவல், செவ்வாய் குழம்பு என்று. பன்றிக்கறியைப் பொறுத்தவரை துண்டிலிருந்து தொடங்குவதே சரி. கொத்துக்கறி காத்திருக்காது. முதுகுக்கறி உப்புத் தடவி ஒரு நாள் காத்திருந்தால் நன்றாக வரும், ஆனால் சமைத்தபின் காத்திருந்தால் கெட்டியாகும். தோள்பட்டைக் கறியைச் சமைத்து மறுநாள் சாப்பிட்டால்தான் அதன் முழு ருசி தெரியும். நாட்களை இந்த வரிசையில் அடுக்கினால் ருசியும் பாதுகாப்பும் சேர்ந்தே வந்துவிடும்.

நான்கு பேருக்கு வாரத்தில் நான்கு வேளை பன்றிக்கறி என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று வாங்க வேண்டியவை: கொத்துக்கறி 500 கிராம், எலும்பில்லாத முதுகுக்கறி 600 கிராம், எலும்பில்லாத தோள்பட்டைக் கறி ஒன்றரை கிலோ. தோள்பட்டை வேகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையை இழக்கும். மிஞ்சும் ஒரு கிலோ இரண்டு வேளைக்குத் தாராளமாகப் போதும்.

ஞாயிறு இரவுக்குக் கொத்துக்கறி. முழுத் துண்டில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். இயந்திரத்தில் அரைக்கும்போது அவை கறி முழுவதும் கலந்துவிடுகின்றன. அதனால் 4°C-க்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு நாட்கள்தான் கணக்கு. சமைக்கும்போது எல்லா இடத்திலும் 71°C எட்ட வேண்டும். உதிரியாக வறுப்பதென்றால் உப்பைக் கடைசியில் போடுங்கள். உப்பு முன்பே சேர்ந்தால் மயோசின் என்ற புரதம் கரைந்து வெளிவந்து, கறியை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். உருண்டை பிடிக்க அந்தப் பிசுபிசுப்பு வேண்டும், வறுவலுக்கு வேண்டாம். 500 கிராமையும் ஒரே சட்டியில் கொட்டினால் கறி நீர் விட்டு, வறுபடாமல் வேகத்தான் செய்யும். நீர் வற்றி மேற்பரப்புச் சூடு சுமார் 140°C-ஐத் தாண்டினால்தான் பழுப்பு நிறமும் வறுபட்ட மணமும் வரும். இரண்டு தவணையாக வறுப்பது நல்லது.

திங்களுக்கு முதுகுக்கறி. கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த இந்தத் துண்டுக்குச் சூடுதான் பெரிய எதிரி. 50°C-ஐ ஒட்டி மயோசின் சுருங்கத் தொடங்கும், கறி பதமாகும். 66°C-ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற அடுத்த புரதமும் சுருங்கி, தசையில் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். முழுத் துண்டுகளுக்கு 71°C வேண்டும் என்று சொல்லிவந்த அமெரிக்க வேளாண் துறை, 2011-இல் அதை 63°C-ஆகக் குறைத்து, இறக்கியபின் குறைந்தது 3 நிமிடம் அப்படியே விட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தது. பன்றிக்கறி வழியே பரவும் டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் இளம் பருவம் அந்தச் சூட்டில் பிழைக்காது. அதே சமயம் கறியில் சாறும் தங்கும். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெளுத்திருந்தால் வெந்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். நிறத்தைத் தீர்மானிக்கும் மயோகுளோபின் எல்லாக் கறியிலும் ஒரே சூட்டில் நிறம் மாறுவதில்லை. துண்டின் நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. இந்த வாரத் திட்டத்துக்கு அவசியம் வாங்க வேண்டிய ஒரே கருவி அதுதான்.

ஞாயிறன்றே முதுகுக்கறியை 2.5 செ.மீ. தடிமனில் நறுக்கி, எடையில் ஒரு சதவீதம் உப்பு, அதாவது 600 கிராமுக்கு 6 கிராம், ஒரு டீஸ்பூன் தூள் உப்பு தடவி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். சில மணி நேரத்தில் அந்த உப்புநீர் திரும்ப உள்ளே போய், புரதங்கள் நீரைப் பிடித்துக்கொள்ள உதவும். வாட்டும் முன் மேற்பரப்பை ஒற்றித் துடையுங்கள். ஓரத்தில் ஓடும் கொழுப்புப் பட்டையை 3 செ.மீ.க்கு ஒரு வெட்டு வீதம் கீறுங்கள். அந்தக் கொழுப்புக்கும் தசைக்கும் இடையில் ஒரு சவ்வு இருக்கிறது. சூடு பட்டதும் அது தசையைவிட வேகமாகச் சுருங்கித் துண்டைக் கிண்ணம்போல் வளைத்துவிடும். வளைந்த துண்டின் நடுப்பகுதி சட்டியைத் தொடாமல் வேகாமலும், விளிம்பு கருகியும் போகும். பலர் அடுப்பைக் குறைசொல்லும் இந்தக் கோளாறுக்கு நான்கு வெட்டுகள் போதும்.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தோள்பட்டை. அதன் கதை நேர் எதிர். நிறைய உழைத்த தசை என்பதால் அதில் இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜன் அதிகம். கொலாஜன் 70°C-க்கு மேல்தான் ஓரளவு வேகத்தில் ஜெலட்டினாக உருகும், அதற்கும் நேரம் பிடிக்கும். 4 செ.மீ. துண்டுகளை மூடிபோட்டுச் சிறு தீயில் கொதிக்கவிட்டால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். குக்கரில் உள்சூடு 120°C வரை போவதால், ஆவி பிடித்தபின் சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம். விசில் எண்ணிக்கையை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். விசில் எத்தனை வரும் என்பது தீயையும் குக்கரையும் பொறுத்து மாறும். ஒன்றரை கிலோவுக்கு ஒரு கப் தண்ணீர் போதும், மீதியைக் கறியே விடும்.

இங்கே மிக அதிகம் பேர் தவறும் இடம் பாதிவழிதான். ஒரு மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தால் கறி ரப்பர்போல் இருக்கும். தசை நீரை இழந்துவிட்டது, கொலாஜன் இன்னும் உருகவில்லை. அதிகம் வெந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தால் அந்தக் கறிக்கு மீட்சியில்லை. தொடர்ந்து வேகவிடுங்கள். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் நார்நாராகப் பிரிய வேண்டும், அதுதான் பதம். குக்கரின் ஆவியைச் சட்டென்று வெளியேற்றாமல் தானாக அடங்க விடுங்கள். அழுத்தம் திடீரென்று இறங்கினால் துண்டுக்குள் இருக்கும் நீரும் குமுறிக் கொதித்து வெளியேறிவிடும்.

இந்தக் கறியை ஞாயிறன்றே வேகவைத்துவிடலாம். ஆறவைப்பதில்தான் கவனம் வேண்டும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) கொதியையும் தாங்குபவை. 43 முதல் 47°C-இல் அவை முளைத்து, சாதகமான நிலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆழமான பாத்திரத்தில் நிறைத்து வைத்த குழம்பு அந்தச் சூட்டைக் கடக்கப் பல மணி நேரமாகும், ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலும் நடுப்பகுதி சூடாகவே இருக்கும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலத் தட்டுகளில் பிரித்து, தட்டுகளைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள்.

குளிர்ந்ததும் சாறு கெட்டியாக உறைந்து, மேலே வெள்ளைக் கொழுப்பு படியும். அதை உடனே வழித்துப் போடாதீர்கள். சமைத்த இறைச்சி ஓரிரு நாளில் பழைய எண்ணெய் வாடை அடிப்பதற்குக் காரணம் ஆக்சிஜன். வேகும்போது மயோகுளோபினிலிருந்து பிரியும் இரும்பு, செல் சவ்வுகளின் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வினையை வேகப்படுத்துகிறது. பன்றிக்கொழுப்பில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மாட்டுக்கொழுப்பைவிட அதிகம் என்பதால் இந்த வாடை எளிதில் வரும். கறி முழுதும் சாற்றில் மூழ்கி, மேலே கொழுப்பு மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழி குறைவு. கிராம்பு, மிளகு, மஞ்சள் போன்றவையும் இந்த வினையைத் தடுக்க உதவும். சாற்றில் மூழ்கவைத்த கறி செவ்வாயன்று இன்னும் நன்றாக இருப்பதும், வாட்டிய முதுகுக்கறி மறுநாள் அட்டைபோல் ஆவதும் இதனால்தான். முதுகுக்கறியில் மிச்சம் வைக்காதீர்கள்.

சாற்றையும் கொட்ட வேண்டாம். கொழுப்பற்ற 100 கிராம் பச்சைக்கறியில் சுமார் 0.6 முதல் 1 மி.கி. வரை தயமின் இருக்கிறது. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 1.1 முதல் 1.2 மி.கி. தயமின் நீரில் கரையும் வைட்டமின் என்பதால் வேகும்போது அதில் ஒரு பகுதி சாற்றுக்குப் போய்விடும். புதனன்று காய்கறி சூப்புக்கு அந்தச் சாறே அடித்தளம்.

சமைத்த கறிக்கு ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான். ஆகவே செவ்வாய்க்கு வேண்டிய பாதியை மட்டும் அங்கே வைத்து, வெள்ளிக்கிழமைப் பாதியை ஞாயிறன்றே சாறோடு பையில் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, 2 செ.மீ. தடிமனில் தட்டையாக −18°C-இல் உறையவிடுங்கள். வியாழன் இரவு ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் காலைக்குள் இளகிவிடும். மேடையில் வைத்து இளக்கினால் உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் பாக்டீரியா பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 74°C எட்டும்வரை சூடாக்குங்கள்.

இரண்டு பேருக்கென்றால் எடைகளைப் பாதியாக்கலாம், வேகும் நேரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. கொலாஜன் உருகும் நேரத்தைத் துண்டின் தடிமனும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. பாத்திரத்தில் எத்தனை துண்டு இருக்கிறது என்பது அதை மாற்றாது.