மூளைக்குள் ஒரு சால்னா வாளி

அக்கா மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் மதுரை அண்ணா நகரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, எவர்சில்வர் டம்ளரில் ஏதோ வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு கலக்கினாலும் கொஞ்சம் ரவை மாதிரி அடியில் தங்கியது. "ஜிம்முக்குத்தான் வாங்கினேன் மாமா. மூளைக்கும் நல்லதுன்னு சொல்றாங்களே, படிச்சது மண்டையில நிக்குமா?" என்று கேட்டான். அந்தப் பொடியின் பெயர் கிரியேட்டின். அது பச்சைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

கிரியேட்டின் புதிய சரக்கு அல்ல. 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள். நம் உடலே நாளுக்குச் சுமார் 1 கிராம் தயாரிக்கிறது. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். இருப்பில் 95 சதவீதம் தசையில் இருக்கிறது. மூளை தன் தேவைக்குப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்கிறது.

உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. ஒரு நரம்பணு சமிக்ஞை அனுப்பியதும் உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே தள்ள வேண்டும். 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்க செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று செலவாகும். இந்த வேலை ஓய்வதே இல்லை. ஆனால் கையிருப்பில் உள்ள ஏடிபி மிகக் கொஞ்சம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ராத்திரி பரோட்டா கடையைப் பாருங்கள். சால்னா அண்டா உள்ளே அடுப்படியில் கொதிக்கிறது. முன்னால் பத்து இலைகளில் பரோட்டா பிய்த்துப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு கரண்டிக்கும் அண்டாவுக்கு ஓடினால் கடை நடக்குமா? அதனால்தான் பரிமாறுகிறவர் கையில் எப்போதும் ஒரு வாளி. ஊற்றுவதற்கு ஒரு நொடி போதும். காலியானால் உள்ளே கொடுத்து நிரப்பி வாங்கிக்கொள்வார்.

அந்தக் காலி வாளிதான் கிரியேட்டின். பாஸ்பேட் ஏறினால் நிறைந்த வாளி, அதன் பெயர் பாஸ்போகிரியேட்டின். ஏடிபி செலவாகி, தன் மூன்று பாஸ்பேட்டில் ஒன்றை இழந்து நிற்கும் இடத்தில், இந்த வாளி தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஒரே படியில் அதை மறுபடி ஏடிபி ஆக்கிவிடுகிறது. ஆக்சிஜனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதிதான் இந்தக் கைமாற்றைச் செய்கிறது. அதில் ஒரு வகை, செல்லுக்குள் ஏடிபி தயாராகும் மைட்டோகாண்டிரியாவில், அதாவது அண்டா பக்கத்திலேயே நின்று வாளியை நிரப்புகிறது; இன்னொரு வகை செலவாகும் இடத்தில் நின்று ஊற்றுகிறது. வேலை திடீரென்று கூடினாலும் ஏடிபி அளவு சட்டென்று விழாமல் இருப்பது இவர்களால்தான்.

பாஸ்போகிரியேட்டினை 1927-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அப்புறம் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து இதைக் கண்டுபிடித்தார். இவர் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வாளியைக் கூட்டினால் மூளை கூடுதலாக வேலை செய்யுமா? 2003-இல் ஆஸ்திரேலியாவில் சைவ உணவுக்காரர்கள் 45 பேருக்கு நாளுக்கு 5 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தபோது நினைவாற்றல் தேர்வில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2023-இல் 123 பேரிடம் செய்த சோதனையில் பலன் இருந்தால் அது சிறிதளவுதான் என்று வந்தது. சைவர்களுக்குத் தனி லாபமும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் 1,741 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை பலனில்லை என்று 2013-இல் நிறுத்தப்பட்டது. காரணம் ஓரளவு புரிகிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கிரியேட்டின் நுழையும் வாசல் குறுகல். பிறவியிலேயே அந்த வாசல் பழுதான குழந்தைகளுக்கு வாய்வழி கொடுத்தாலும் மூளையில் ஏறுவதில்லை. தயாரிப்பில் மட்டும் கோளாறு உள்ள குழந்தைகளுக்கோ இதே பொடி பெரிய மருந்து.

2024-இல் ஜெர்மனியில் 15 பேரை இரவு முழுக்க விழிக்க வைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.35 கிராம் வீதம் ஒரே வேளையில் கொடுத்தார்கள். அவர்கள் சிந்தனையின் வேகம் தளர்வது குறைந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்குகிறவர்களை நினைத்துக்கொண்டேன். பழைய, மலிவான பொருள். இதில் காப்புரிமை லாபம் இல்லாததால் கம்பெனிகள் பெரிய சோதனைக்குப் பணம் போடத் தயங்கும். அரசுப் பணத்தில்தான் இதை நம் ஊர் ஆட்களிடம் சோதிக்க வேண்டும். அதுவரை இதுவும் வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதுபோல ஒரு நம்பிக்கையாகவே பரவும்.

மருமகனிடம் சொன்னது இவ்வளவுதான்: ஜிம்முக்கு வேண்டுமானால் 3 முதல் 5 கிராம் எடுத்துக்கொள், படிப்புக்கு ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கு. இன்னொன்று, ரத்தப் பரிசோதனைக்குப் போனால் இதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடு. கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டும், வீட்டில் எல்லோரும் பதறிவிடுவார்கள்.