மிலிட்டரி பேன்ட் போட்டால் கேஸ் ஆகுமா?

வெறும் பச்சைத் திட்டு போட்ட கார்கோ பேன்ட்டுக்காக யார் மேலும் கேஸ் ஆகாது. துணிக்கடையில் மிலிட்டரி பிரிண்ட் என்று கேட்டால் எடுத்துப் போடுகிற டீஷர்ட், தொப்பி, பை இதையெல்லாம் சாதாரண ஆள் பயன்படுத்தவே கூடாது என்று இந்தியா முழுக்கப் பொருந்தும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இதோடு நிறுத்தாமல், ஆன்லைனில் தலை முதல் கால் வரை செட்டாக வாங்கி, தோளில் பட்டையும் நெஞ்சில் பேட்ஜும் குத்திக்கொண்டு கிளம்பினால் அது வேறு கதை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவுதான் இதில் முக்கியம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 168 ஆகிவிட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரராக இல்லாத ஒருவர், வீரர்கள் அணிவது போன்ற உடையையோ அடையாளச் சின்னத்தையோ, தன்னை வீரர் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிந்தால் குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 500 ரூபாய்தான். ஜாமீன் கிடைக்கும், ஆனால் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

எந்த எண்ணத்தில் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. கல்லூரிக்கு மிலிட்டரி கலர் பேன்ட்டும் வெள்ளை டீஷர்ட்டும் போட்டுப் போகிறவரை யாரும் ஜவான் என்று நம்பப் போவதில்லை, அவருக்கும் அந்த எண்ணம் இல்லை. சுதந்திர தினத்துக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் குழந்தைக்கு ராணுவ உடை போட்டுவிடுகிறவர்களும் கவலைப்பட வேண்டாம். அதே உடையில் டோல்கேட்டில் ஆர்மி என்று சொல்லிக் கடந்தாலோ, வீடு வாடகைக்குக் கேட்டாலோ, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனாலோ மாட்டிக்கொள்வீர்கள். தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நுழைவதற்காக உடையைப் பயன்படுத்தினால் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமே பாயும், அதில் 3 ஆண்டு வரை சிறை.

சரி, ஒரு துணிக்கு ராணுவம் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது? 2015 ஜூலையில் பஞ்சாபின் தீனாநகர் காவல் நிலையத்தைத் தாக்கியவர்களும், 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தவர்களும் ராணுவ உடையில்தான் வந்தார்கள். பதான்கோட்டுக்குப் பிறகு, ராணுவ மாதிரி உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே வேண்டுகோள் விடுத்தது. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பின் வந்த ஒரு காணொளியை என்னால் மறக்க முடியவில்லை. காப்பாற்ற வந்த நிஜ ஜவான்களைப் பார்த்து, இவர்களும் கொல்ல வந்தவர்களோ என்று பெண்களும் குழந்தைகளும் அழுது கெஞ்சுகிறார்கள். அந்த உடையைப் பார்த்ததும் ஆபத்தில் இருப்பவருக்கு உயிர் திரும்ப வேண்டும். அந்த நம்பிக்கை கெட்டுப்போவது நம் ஃபேஷனைவிடப் பெரிய விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பஹல்காமுக்கு முன்பே, 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் ராணுவம் புது உடையை அறிமுகப்படுத்தியது. தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டோடு சேர்ந்து வடிவமைத்த, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் டிஜிட்டல் பிரிண்ட் அது. அந்த வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்துவிட்டது. உரிமை முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆக, அந்த டிசைனை அனுமதி இல்லாமல் தைத்து விற்கிறவர்மேல் ராணுவம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். துணி வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள், போடுகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் இங்கே சிக்கல் அதிகம்.

எல்லை மாநிலங்களுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒன்று. ஜம்மு காஷ்மீர், பஞ்சாப் பக்கம் சில மாவட்டங்களில் ராணுவ மாதிரி உடையை விற்கவோ அணியவோ கூடாது என்று மாவட்ட மாஜிஸ்திரேட் அவ்வப்போது தடை உத்தரவு போடுவதுண்டு. பழைய 144 தடை உத்தரவுதான், இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவில் வருகிறது. உத்தரவு பொதுவாக 2 மாதம் வரை நிற்கும். அது அமலில் இருக்கும்போது நல்ல எண்ணம், கெட்ட எண்ணம் என்ற விளக்கம் எடுபடாது, மீறினாலே தனிக் குற்றம். அந்தப் பயணத்துக்கு மிலிட்டரி கலரில் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

அப்புறம் நம்மூரில் யாரும் பேசாத ஒன்று, செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள் விஷயம். அடுக்குமாடி வாசலிலும், ஏடிஎம் வாசலிலும், கல்யாண மண்டபத்திலும் ராணுவ உடை போலவே தைத்த யூனிஃபார்மில் அண்ணன்மார்கள் நிற்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 21-ஆவது பிரிவு, இதை நேராகவே தடுக்கிறது. ராணுவம், போலீஸ் உடையையோ அதுபோன்ற தோற்றமுள்ள உடையையோ காவலாளி அணிந்தால், அவருக்கும் நிறுவன உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம் என்ன என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. மாதச் சம்பளத்துக்கு 12 மணி நேரம் நிற்கிற மனிதர் தன் உடையைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை, கம்பெனி கொடுத்ததைப் போடுகிறார், ஆனால் தண்டனை அவருக்கும் சேர்த்து என்று எழுதியிருக்கிறது. உங்கள் குடியிருப்புச் சங்கம் செக்யூரிட்டி ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போதே, ராணுவ மாதிரி யூனிஃபார்ம் வேண்டாம், நீலமோ சாம்பலோ கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களே அந்த வேலையில் இருந்தால் மேலாளரிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

சில வெளிநாடுகளில் இன்னும் கடுமை. பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் ராணுவ மாதிரித் துணி அணிவதே குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. கிரிக்கெட் பார்க்கவோ கப்பல் சுற்றுலாவுக்கோ அங்கே போகிறவர்கள் குழந்தைகளின் தொப்பி, முதுகுப்பை உட்பட எல்லாவற்றையும் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.